சிவப்புப் பூவுக்கு எந்தச் சாம்பல்: கறுப்பு வெள்ளைப் பூப்படங்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு முதியோர் இல்லத்தின் பொது அறையில் வண்ணப் பூப்படங்கள் மாட்டியிருந்தார்கள். அறையின் ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். சில வருட வெளிச்சத்தில் படங்கள் வெளிறி, சிவப்பு ஆரஞ்சாகிப் பச்சையில் நீலம் பாய்ந்துவிட்டது. பழையவற்றைக் கழற்றிவிட்டுப் புதிதாக எட்டுப் படங்கள் மாட்டலாம், இந்த முறை கறுப்பு வெள்ளையில் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. காரணம் கலை சார்ந்தது அல்ல. கரியை அடிப்படையாகக் கொண்ட கறுப்பு நிறமி மை, வண்ண மைகளைவிட வெளிச்சத்தை நன்றாகத் தாங்கும் என்று அச்சகத்தில் சொல்லியிருந்தார்கள். அது சரியான தகவல்தான்.

நிபந்தனைகள் இரண்டு. பூக்கள் இல்லத்தின் தோட்டத்துப் பூக்களாக இருக்க வேண்டும். அந்தத் தோட்டத்தைப் பல வருடமாகப் பராமரித்து வரும் மூதாட்டி (இல்லத்தில் வசிப்பவர், எழுபதைக் கடந்தவர்) பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே படம் அச்சுக்குப் போகும். இரண்டாவது நிபந்தனைதான் இந்த வேலையின் போக்கையே மாற்றியது.

படம் எடுத்தவர் ஓர் இளைஞர். மனிதர்களைப் படம் எடுப்பதில் நல்ல பழக்கம் உண்டு, பூக்கள் புதிது. நான் படம் எடுக்கவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் கோப்புகளையும் அச்சுகளையும் பார்த்துக் கருத்துச் சொன்னேன். கீழே வருவது அப்படிப் பார்த்தவை.

முதல் தொகுப்பில் கண்டவை

இளைஞர் கேமராவை மோனோகுரோம் முறையில் வைத்து, ஜேபெக் கோப்புகளாக மட்டும் எடுத்திருந்தார். அப்பர்ச்சர் (லென்ஸின் துவாரம்; எண் சிறிதானால் துவாரம் பெரிது) எஃப் 2.8. பின்புலம் மங்கலாகிப் பூ மட்டும் தனித்து நிற்கும் என்பது அவர் கணக்கு. சிவப்புச் செம்பருத்தி, அடுக்கு இதழ் கொண்ட சிவப்பு ரோஜா, வெள்ளை லில்லி, சூரியகாந்தி, பல நிறப் பூக்கள் கலந்து நிற்கும் பாத்தி ஆகியவை அந்தத் தொகுப்பில் இருந்தன.

செம்பருத்திப் படத்தை மூதாட்டியிடம் காட்டியதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “பூ எங்க தம்பி இருக்கு?”

கேள்வி நியாயமானது. பூவும் இலையும் ஒரே சாம்பல் நிறத்தில் கரைந்து கிடந்தன. இதற்குக் கணக்கு எளிது. வண்ணத்தைச் சாம்பலாக மாற்றும் வழக்கமான சூத்திரங்களில் ஒன்று சிவப்புக்கு 30, பச்சைக்கு 59, நீலத்துக்கு 11 சதவீதம் என்ற எடையைக் கொடுக்கிறது. மனிதக் கண்ணுக்குப் பச்சையே அதிக வெளிச்சமாகத் தெரியும் என்பதால் அந்த எடை. 0 முதல் 255 வரையிலான அளவில், சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில், ஒரு சிவப்பு இதழ் 190, 25, 40 என்றும், அதன் பின்னால் உள்ள இலை 60, 100, 45 என்றும் வைத்துக்கொள்வோம். இதழின் சாம்பல் 76. இலையின் சாம்பல் 82. நேரில் பார்க்கும்போது ஒன்றோடொன்று மோதி நிற்கும் இரண்டு நிறங்கள், படத்தில் ஏறக்குறைய ஒரே எண்ணாகிவிடுகின்றன.

எஃப் 2.8 இதை இன்னும் மோசமாக்கியிருந்தது. வண்ணப் படத்தில் பின்புலம் எவ்வளவு மங்கினாலும் பச்சை பச்சையாகவே இருக்கும், சிவப்பு அதிலிருந்து பிரிந்து நிற்கும். கறுப்பு வெள்ளையில் அந்தத் துணை கிடையாது. இதழின் ஓரம் கூர்மையாக இருந்தால் அந்தக் கோடாவது பூவைக் காட்டிக் கொடுத்திருக்கும், அதுவும் மங்கலில் போய்விட்டது.

இளைஞர் முதலில் செய்தது கான்ட்ராஸ்டை ஏற்றியது. படம் முழுக்கக் கடுமையானது, பூ மட்டும் வெளியே வரவில்லை. கான்ட்ராஸ்ட் என்பது வெவ்வேறு சாம்பல்களுக்கு இடையிலான தூரத்தைக் கூட்டும் கருவி. 76ஐயும் 82ஐயும் அது சேர்த்தேதான் மேலேயோ கீழேயோ நகர்த்தும்.

ரோஜாவின் சிக்கல் வேறு மாதிரி. அதை அப்புறம் சொல்கிறேன். லில்லியில் இதழ்களின் மேற்பகுதி வெறும் வெள்ளையாக எரிந்திருந்தது. சூரியகாந்தி மட்டும் நன்றாகவே வந்திருந்தது. மஞ்சளில் சிவப்பும் பச்சையும் சேர்ந்தே இருப்பதால் அது தானாகவே இலையைவிட வெளிர் சாம்பலாகிவிடும், யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

மறுபடி எடுக்கலாம் என்ற முடிவு

முதல் தொகுப்பைக் கணினியில் சரிசெய்ய முடியுமா என்ற பேச்சு வந்தது. முடியாது என்பது என் கருத்தாக இருந்தது. மோனோகுரோம் ஜேபெக்கில் நிறத் தகவல் இல்லை. எந்தப் புள்ளி சிவப்பிலிருந்து வந்தது, எது பச்சையிலிருந்து வந்தது என்பது கேமராவுக்குள்ளேயே அழிந்துவிடுகிறது.

அதனால் ரா கோப்பாக, அதாவது சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பாக, மறுபடி எடுப்பது என்று முடிவானது. கேமராவின் மோனோகுரோம் முறையை மட்டும் அப்படியே விட்டுவைக்கச் சொன்னேன். ரா கோப்பில் எல்லா நிறமும் பதிவாகும், திரையில் மட்டும் கறுப்பு வெள்ளை தெரியும். செடியின் முன்னால் நிற்கும்போதே பூவும் இலையும் கலந்துவிடுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்து கணினியில் கண்டுபிடிப்பதைவிட இது மேல்.

சிவப்புக் கண்ணாடி ஃபில்டர் ஒன்று வாங்கி லென்ஸில் மாட்டலாமா என்று இளைஞர் கேட்டார். கறுப்பு வெள்ளை ஃபிலிம் காலத்தில் அதுதான் வழி. சிவப்பு ஃபில்டர் போட்டால் சிவப்புப் பூ வெளிறும், இலை கறுக்கும். பச்சை ஃபில்டர் போட்டால் நேர்மாறு. அடர் சிவப்பு ஃபில்டர் எட்டில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும் என்று கணக்கிட்டு மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) கூட்டிக்கொள்வார்கள். டிஜிட்டல் கேமராவில் அந்தச் செலவு தேவையில்லை என்று சொன்னேன். வழக்கமான சென்சாரில் நான்கு புள்ளிக்கு ஒன்றுதான் சிவப்பைப் பதிவு செய்கிறது. சிவப்பு ஃபில்டர் மாட்டினால் மற்ற மூன்றும் கிட்டத்தட்டச் சும்மா இருக்கும். அதே வேலையை ரா கோப்பில் சேனல்களின் (சிவப்பு, பச்சை, நீலம் என்ற தனித்தனிப் பதிவுகளின்) எடையைக் கணினியில் ஸ்லைடரை நகர்த்தி மாற்றிச் செய்துகொள்ளலாம், பிடிக்கவில்லையென்றால் திரும்பவும் மாற்றலாம்.

சிவப்பை எந்தப் பக்கம் தள்ளுவது

இரண்டாம் முறை எடுத்த செம்பருத்தியிலிருந்து இரண்டு வடிவங்கள் தயாராயின. மேலே சொன்ன எண்களையே வைத்துப் பார்த்தால், சிவப்புச் சேனலை மட்டும் எடுத்துக்கொண்டால் இதழ் 190, இலை 60. கறுத்த இலைகளின் நடுவே ஒளிரும் பூ. பச்சைச் சேனலை மட்டும் எடுத்தால் இதழ் 25, இலை 100. வெளிறிய இலைகளின் நடுவே கரும்பூ. நீலச் சேனல் எதற்கும் உதவாது: 40, 45.

இளைஞருக்கு முதல் வடிவம் பிடித்திருந்தது. எனக்கும் பார்த்தவுடன் அதுதான் கவர்ச்சியாகத் தோன்றியது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒரு குறை தெரிந்தது. இதழில் நரம்பு இல்லை. பூ காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல் தட்டையாக இருந்தது.

காரணம் இரண்டு. ஒன்று, சிவப்புச் சேனல் மட்டும் உச்சத்தில் எரிந்திருந்தது. கேமராவில் அவர் பார்த்தது ஒட்டுமொத்த வெளிச்சத்தின் ஹிஸ்டோகிராம், அதாவது இடப்பக்கம் கறுப்பும் வலப்பக்கம் வெள்ளையுமாக வெளிச்சத்தின் பரவலைக் காட்டும் வரைபடம். அதில் சிவப்பின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் குறைவு என்பதால் வரைபடம் நடுவில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்ததும் சிவப்பு வலது சுவரில் மோதி நிற்பது தெரிந்தது. இரண்டாவது காரணம் இன்னும் அடிப்படையானது. சிவப்பு இதழின் நிறமி சிவப்பு ஒளியை அதிகம் விழுங்குவதில்லை. நிறமி அடர்ந்த நரம்பும் அது மெலிந்த பகுதியும் சிவப்பு ஒளியில் ஏறக்குறைய ஒரே வெளிச்சமாகத் தெரியும். பச்சை ஒளியை அதே நிறமி நன்றாக விழுங்கும், எங்கே அடர்த்தி கூடுகிறதோ அங்கே கூடுதலாக விழுங்கும். ஆக, சிவப்புப் பூவின் நரம்பும் கழுத்துப் பகுதியின் அடர்கறையும் பச்சைச் சேனலில்தான் இருக்கின்றன. எரியாமல் எடுத்திருந்தாலும் சிவப்புச் சேனல் அவற்றை மங்கலாகவே காட்டியிருக்கும்.

இரண்டு வடிவங்களையும் மூதாட்டியிடம் காட்டினோம். வெளிர் பூவைப் பார்த்துவிட்டு, “இது நம்ம செம்பருத்தி இல்ல தம்பி. வெள்ளைச் செம்பருத்தி வேற யார் வீட்லயோ எடுத்த மாதிரி இருக்கு” என்றார். கரும்பூவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சாயங்காலம் தண்ணி விடும்போது இப்படித்தான் இருக்கும்.”

இளைஞர் அதை ரசனை வேறுபாடு என்று எடுத்துக்கொண்டார். எனக்கு அதில் ரசனைக்கு மேலும் ஒன்று தெரிந்தது. வெளிச்சம் குறையக் குறையக் கண்ணின் உணர்திறன் நீலப் பச்சைப் பக்கம் நகர்கிறது. சிவப்பு முதலில் கறுக்கும், இலை ஒப்பீட்டளவில் வெளிறித் தெரியும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் நாட்டு அறிஞர் யான் புர்கின்யே விவரித்த விளைவு இது, இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. தினமும் பொழுது சாயும் நேரத்தில் அந்தச் செடியோடு இருப்பவருக்குக் கரும்பூதான் உண்மையான பூ. சிவப்பை உணராத பழைய புகைப்படத் தகடுகளும் இப்படித்தான் பதிவு செய்தன. எல்லா நிறத்தையும் உணரும் தகடுகள் கடைகளுக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான், அதுவரை படங்களில் சிவப்பு என்றால் கறுப்பு.

கரும்பூ என்று முடிவானது. முழுக்கப் பச்சைச் சேனலாக வைக்கவில்லை. இதழ் அடியோடு கறுத்துப்போகாதபடி சிவப்பையும் கொஞ்சம் சேர்த்து, இலைக்கும் பூவுக்கும் தெளிவான இடைவெளி இருக்கும் இடத்தில் நிறுத்தினார். பச்சைச் சேனலில் இதழுக்குக் கிடைக்கும் ஒளி மிகக் குறைவு, தூக்கினால் இரைச்சல் புள்ளிகள் வரும். அதனால் மறுபடி எடுக்கும்போது ஐஎஸ்ஓ 100 (இரைச்சல் குறைவான, குறைந்த உணர்திறன் அளவு), முக்காலி, சிவப்பு எரியாத அளவுக்கு மட்டும் குறைத்த எக்ஸ்போஷர் என்று வைத்துக்கொண்டார். காற்று அடங்கிய காலை நேரமும், தண்டைப் பிடித்துக்கொள்ள ஒரு குச்சியும் மீதியைப் பார்த்துக்கொண்டன.

ரோஜா: ஸ்லைடர் நின்றுபோன இடம்

செம்பருத்தி சரியானதும் இளைஞர் அதே முறையை ரோஜாவுக்கும் போட்டார். பூ இலையிலிருந்து அழகாகப் பிரிந்தது. ஆனால் பூவுக்குள்ளே எதுவும் நடக்கவில்லை. அடுக்கடுக்கான இதழ்கள் சுருட்டிய துணிபோல் ஒரே உருண்டையாகத் தெரிந்தன. சிவப்பை ஏற்றினார், இறக்கினார், மஞ்சளைத் தொட்டுப் பார்த்தார். உருண்டை வெளுத்தது, கறுத்தது. இதழ் பிரியவில்லை.

இந்த வேலையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுவது இந்தக் கட்டத்தை. நிற ஸ்லைடரால் நிறத்துக்கும் நிறத்துக்கும் இடையில்தான் கோடு போட முடியும். ரோஜாவின் ஓர் இதழும் அதன் பின்னால் உள்ள இதழும் ஒரே நிறம். அங்கே கோடு போடக்கூடியது ஒளி மட்டுமே: ஓர் இதழின் விளிம்பில் வெளிச்சம் பட்டு, அடுத்த இதழின் மேல் நிழல் விழ வேண்டும். அவர் எடுத்திருந்தது மேகம் மூடிய பொழுதில். மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் ஒரே அளவில் ஒளி வந்து எல்லா மடிப்பையும் நிரப்பிவிட்டது. மேகமூட்டம் பூக்களுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். வண்ணப் படத்துக்கு அது பொருந்தும். கறுப்பு வெள்ளையில் ஒரு அடுக்கு ரோஜாவுக்கு அதைவிடக் கெடுதலானது அதிகம் இல்லை.

ரோஜாவைப் பறித்து உள்ளே கொண்டுவந்து ஒரு ஜன்னல் அருகே வைத்து எடுக்கலாம் என்றேன். மூதாட்டி பறிக்கச் சம்மதிக்கவில்லை. “செடியில இருக்கறப்ப எடுங்க” என்று சொல்லிவிட்டார். அது நல்லதாகவே போயிற்று. செடிக்கு ஒரு பக்கம், பூவுக்கு மிக அருகில், படச்சட்டத்துக்கு வெளியே ஒரு கறுப்பு அட்டையை நிறுத்தினார் இளைஞர். மேலேயும் ஓர் அட்டை. மிச்சமிருந்த ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வானத்தின் மெல்லிய ஒளி வந்தது. ஒளியைக் கூட்டவில்லை, வேண்டாத ஒளியைத் தடுத்ததுதான். ஒவ்வொரு விளிம்பும் தனியாக எழுந்தது. அட்டையைக் கைக்கெட்டும் தூரத்துக்கு நகர்த்தியதும் விளைவு பாதியாகக் குறைந்ததையும் பார்த்தோம். ஒட்டி வைத்தால்தான் பலன்.

அப்பர்ச்சரையும் மாற்ற வேண்டியிருந்தது. முன் இதழிலிருந்து நடு மொட்டு வரை கூர்மை வேண்டும். எஃப் 16 வைத்துப் பார்த்தார், படம் முழுவதும் லேசாகச் சொரசொரப்பு குறைந்து மெழுகு மாதிரி ஆனது. இவ்வளவு அருகில் எடுக்கும்போது லென்ஸில் எழுதியிருக்கும் எண் முழு உண்மை அல்ல. பொருளின் பாதி அளவுக்குப் படம் சென்சாரில் விழுந்தால், எஃப் 16 ஏறக்குறைய எஃப் 24 போல நடந்துகொள்ளும், ஒளி விளிம்பில் வளைவதால் கூர்மை போகும். எஃப் 8இல் ஃபோகஸை முன்னிருந்து பின்னுக்குச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாக இணைத்தார். காற்று வந்த இடங்களில் இணைப்பு சொதப்பியது, காற்றில்லாத ஒரு தொடர் கிடைத்ததும் அதோடு நிறுத்திக்கொண்டார்.

வெள்ளை லில்லி

லில்லியில் நிறமே இல்லை என்பதால் ஸ்லைடர் பேச்சுக்கே இடமில்லை. இரண்டு சிக்கல்கள். இருண்ட புதருக்கு முன்னால் சின்னதாக ஒரு வெள்ளைப் பூ இருந்தால், கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் புதரை நடுச்சாம்பலாக்கப் பார்த்து பூவை எரித்துவிடும். முதல் தொகுப்பில் நடந்தது அதுதான். பூவே சட்டத்தை நிறைத்தால் அதே மீட்டர் வெள்ளையை அழுக்குச் சாம்பலாக்கும். அப்போது ஒரு ஸ்டாப்போ சற்று மேலேயோ கூட்ட வேண்டும். பூவின் மிக வெளிச்சமான புள்ளியை மட்டும் அளந்து, அது எரியாத விளிம்பு வரை கொண்டுபோவது என்று இளைஞர் பழகிக்கொண்டார்.

மற்றது, வெள்ளை இதழ்கள் ஒன்றுக்கொன்று ஒளியைத் திருப்பி அனுப்பித் தங்கள் நிழலைத் தாங்களே அழித்துவிடுகின்றன. ரோஜாவுக்குப் பயன்பட்ட கறுப்பு அட்டை இங்கே இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இமோஜென் கன்னிங்ஹாம் 1925இல் எடுத்த மக்னோலியாவை அவருக்குக் காட்டினேன். வெள்ளை இதழ்களுக்கு நடுவே பூவின் மையம், அதைச் சுற்றி மெல்லிய சாம்பல் படிகள், அவ்வளவுதான் படம். பின்புலத்தைக் கறுப்பாக்கிப் பூவை அந்தரத்தில் மிதக்கவிடும் வழக்கம் இப்போது எங்கும் இருக்கிறது. என் பார்வையில் அது பாதி நேரம் ஒளியைப் பற்றி யோசிக்காமல் தப்பிக்கும் வழி. லில்லிக்கு நடுத்தரச் சாம்பலில் மங்கிய இலைகளையே பின்புலமாக விட்டோம்.

தாளும் சுவரும்

முதல் சோதனை அச்சு பளபளப்பில்லாத மேட் தாளில் வந்தது. லில்லி அருமை. செம்பருத்தி மறுபடி காணாமல் போனது. மேட் தாளின் கறுப்பு பளபளப்புத் தாளின் கறுப்பளவு ஆழமாக இருக்காது. திரையில் தனித்தனியாகத் தெரிந்த அடர்சாம்பல் படிகள் தாளில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. செம்பருத்தியையும் ரோஜாவையும் அரைப் பளபளப்புத் தாளுக்கு மாற்றினார்கள். உடனே அடுத்த தொல்லை: ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினால் கரும்படத்தில் ஜன்னல்தான் தெரிந்தது. வெளிர் படங்களை எதிர்ச்சுவருக்கும் கரும்படங்களைப் பக்கச் சுவருக்கும் மாற்றிய பிறகே தீர்ந்தது.

விளைவு

எட்டில் ஏழு படங்கள் சுவருக்குப் போயின. விட்டுப்போனது கலப்புப் பாத்தி. ஒரே வடிவப் பூக்கள், பல நிறம். நிறத்தை எடுத்ததும் அங்கே பார்க்க எதுவும் மிஞ்சவில்லை. எந்த எடையைக் கொடுத்தாலும் ஒரு நிறம் பிரிந்தால் இன்னொன்று கலந்தது. மூதாட்டிக்கு மிகப் பிடித்த இடம் அதுவே என்பதால் மறுத்துப் பேசினார். கடைசியில் அதை வண்ணத்தில் அச்சிட்டு, வெயில் படாத அவருடைய அறையில் மாட்டினார்கள். எட்டாவது இடத்தில் இன்னொரு கோணத்தில் எடுத்த சூரியகாந்தி வந்தது, சுமாரான படம்தான்.

செம்பருத்தியைப் பார்த்து இது என்ன கறுப்புப் பூ என்று கேட்டவர்கள் உண்டு. அறைக்கு வருபவர்கள் அதிகம் நின்று பார்ப்பது ரோஜாவை என்று ஊழியர்கள் சொன்னார்கள். நிறத்தை யாரும் அதில் கேட்கவில்லையாம்.

மறுபடி செய்தால்

தாளையும் சுவரையும் முதலில் தீர்மானித்திருக்க வேண்டும். எவ்வளவு கறுப்பு தாங்கும் என்று தெரியாமல் கரும்பூவைத் தேர்ந்தெடுத்ததால் மூன்று படங்களை மறுபடி சமன்செய்ய வேண்டியதாயிற்று. ஒரே கோப்பின் சிறு துண்டுகளை இரண்டு தாளிலும் அச்சிட்டு, மாட்டப்போகும் சுவரிலேயே பகலில் ஒரு முறை, விளக்கு வெளிச்சத்தில் ஒரு முறை வைத்துப் பார்த்தால் போதும்.

மூதாட்டியை ஒப்புதலுக்கு மட்டும் அழைக்காமல் தொடக்கத்திலேயே தோட்டத்தில் கூட நிற்கச் சொல்லியிருக்கலாம். எந்தப் பூ எந்த நேரத்தில் எப்படித் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்த அளவு எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. செம்பருத்தி விஷயத்தில் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

பூக்களைப் பட்டியல் போடும்போதே, நிறத்தை எடுத்துவிட்டால் இதில் என்ன மிஞ்சும் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டிருந்தால் கலப்புப் பாத்தி பட்டியலுக்கே வந்திருக்காது. அந்த இடத்தில் சூரியகாந்தியின் முதிர்ந்த விதைத்தலை ஒன்றை எடுக்க நேரம் இருந்திருக்கும். இளைஞர் இப்போது அதற்காகவே ஒரு பூவை வெட்டாமல் முற்றவிடும்படி மூதாட்டியிடம் கேட்டிருக்கிறார்.